மூச்செடுக்கும் இடங்களில் பென்சில் கோடு

டொல்க் வேலைக்கு, அதுதான் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு, இந்த வருடம் வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் டேனிஷ் என்னுடையதைவிட நல்லது. இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் இங்கே பிறந்தவர்கள். அந்த மொழியின் தொண்டையடி ஒலிகளைப் பால்குடி மறக்கும் முன்பே பழகியவர்கள். நான் பதின்மூன்று வயதில் வந்து, சில்க்போர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் கடைசி வாங்கில் இருந்துகொண்டு, சொல் சொல்லாகப் பொறுக்கியவள். இன்றைக்கும் நான் வாயைத் திறந்தால் கடைக்காரப் பெண் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் மறுமொழி சொல்வாள்.

ஆனாலும் இருபத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளருக்கான அந்த மூன்றாவது நாற்காலியில் இருந்திருக்கிறேன். டொக்டருக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் பின்வாங்கி, நமக்கு ஒன்று. பிரசவ அறையில், பல் வைத்தியரிடம், கெட்ட செய்தி சொல்வதற்கென்றே மெத்தை நாற்காலியும் கைத்துடைப்புப் பெட்டியும் வைத்திருக்கும் சின்ன அறைகளில். இந்த வசந்தத்தில் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஐம்பத்துநான்கு வயது பெரிய வயதில்லை, ஆனால் வலது காது மங்கத் தொடங்கிவிட்டது. பாதி கேட்கும் டொல்க் மீதியைக் கற்பனை செய்வாள். அது கூடாது.

நான் சொல்லப்போவது காது நன்றாகக் கேட்ட நாளில் விட்ட பிழையைப் பற்றி. அதைவிட, அந்தப் பிழையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி. பாட்டுக்கார அக்கா என்று வைத்துக்கொள்வோம். "உந்தக் கதையைப் புதுசா வாற பிள்ளையளுக்குச் சொல்லும் தங்கச்சி, பேரை மட்டும் விட்டிடும்" என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவர் சொல்லியிராவிட்டால் இது என்னோடேயே கிடந்திருக்கும், நீங்கள் கேட்கும் மற்ற எல்லாமும் உங்களோடேயே கிடக்க வேண்டும் என்பதுபோல.

செப்டம்பர் மாதம். காலையில் ஓகூஸ் நகரில் ஒரு வேலை. மகனைப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, மதுரைப் பக்கத்தவர். "ஒரே களைப்பா இருக்கும்மா, எந்திரிக்கவே முடியல" என்றார். ட்ரெட் என்றேன். டேனிஷில் ட்ரெட் என்றால் அலுப்பு, சோர்வு. சரியான சொல். டொக்டர் தலையாட்டினார், அம்மா தலையாட்டினார், நான் காரில் ஏறி வீட்டுப் பக்கம் ஓடினேன்.

அடுத்த வேலை தொலைபேசியில். பிராண்டேயில் ஒரு குடும்ப டொக்டர், அவர் அறையில் எங்கள் ஆள் ஒருவர், நான் சில்க்போர்க்கில் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் கார்த் தரிப்பிடத்தில். மழை. காரின் கூரையில் யாரோ சாக்கைத் திறந்து அரிசி கொட்டுகிற மாதிரி மழை. போன் ஸ்பீக்கரில். மடியில் பாதி கடித்த பாண். அந்தப் பாணையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு என் கவனத்தில் ஒரு பங்கு அதில் இருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குரல். அடியில் நூல் கட்டிய மாதிரி நிதானமான குரல்.

"வேலையால வந்தாக் களைப்பு, டொக்டர். படி ஏறினாலும் களைக்குது."

நான் டேனிஷில் சொன்னேன்: வேலை முடிந்து வந்தால் ட்ரெட். படி ஏறினாலும் ட்ரெட்.

எழுதும்போதே கை கூசுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் சோர்வுக்கு அலுப்பு என்ற சொல் இருக்கிறது. களைக்குது என்றால் மூச்சு வாங்குகிறது. ஓடி வந்த பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "ஏன் இப்பிடிக் களைக்கக் களைக்க ஓடி வாறாய்?" என்று கேட்கிறோமே, அந்தக் களைப்பு. டேனிஷில் அதற்கு ஃபொபூஸ்டெட் என்று தனிச்சொல் உண்டு. எனக்குத் தெரியாத சொல்லா? என் அம்மாவுக்கே எத்தனையோ தரம் சொன்ன சொல். ஆனால் காலையில் கேட்ட மதுரைச் சொல் நாக்கில் ஈரம் காயாமல் இருந்தது. அதை எடுத்து ஒரு மன்னார்க்காரியின் வாயில் வைத்துவிட்டேன்.

பிறகு எல்லாம் அந்த ஒரு சொல்லின் பின்னால் வரிசையாகப் போயிற்று. நித்திரை எப்படி, வேலையில் நெருக்கடியா, மனச்சோர்வா என்று டொக்டர் கேட்டார். இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்துக் குளிசை. கடைசியில் நாடி பிடித்துப் பார்த்து, அடி கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருப்பதாகச் சொல்லி, எதற்கும் ஒரு இதய நிபுணர் பார்க்கட்டும் என்று முடித்தார். எட்டு நிமிடம். நான் பாணைச் சாப்பிட்டு முடித்தேன். அடுத்த கிழமை அந்தக் குரலை மறந்தும் போனேன். பிழை விட்ட டொல்க்குக்கு எங்கேயும் நோகாது. நோவது வேறு வீட்டில், வேறு படிக்கட்டில்.

பெப்ரவரியில் ஓகூஸுக்கு ஒரு வேலை வந்தது. இதய நிபுணர், முதல் சந்திப்பு, முப்பது நிமிடம், நோயாளி பெண், பிராண்டே. நமக்கு அவ்வளவுதான் தருவார்கள். நான் பத்து நிமிடம் முன்னதாகப் போனேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு சோடி எனக்கு முதலே வந்திருந்தது. பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தடித்த மேலங்கியைக் கழற்றாமல், கடதாசிகள் வைத்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவர், பூட்ஸின் பனி உருகித் தரையில் ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தது. என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, வந்து நேரமாகிவிட்டதா என்று கேட்டேன்.

"இவரைக் கேளும்," என்றார் அந்த அக்கா. "பனி கொட்டும், ரோட்டில டிராக்டர் முன்னால போகும், ஓகூஸில பார்க்கிங் கிடைக்காது எண்டு விடியவே காரை ஸ்டார்ட் பண்ணிப்போட்டார். ஒரு மணித்தியாலமா இதிலை இருக்கிறம்."

"கொட்டேல்லைத்தான்," என்றார் கணவர். காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை என்று பிறகு அறிந்தேன். "கொட்டியிருந்தா?"

"பார்க்கிங் டிஸ்க் வைச்சனீங்களோ?"

"வைச்சனான்."

"எத்தினை மணிக்குத் திருப்பி வைச்சனீங்கள்?"

கணவர் யோசித்தார். காரை நிறுத்திய நேரத்தைக் காட்டக் கண்ணாடியில் வைக்கும், பிழைத்தால் தண்டம் விழும் அந்தக் கடதாசி மணிக்கூடு, இந்த நாட்டில் எங்கள் ஆண்களைப் பிடித்திருக்கும் தனிப் பயம். எழுந்து விறுவிறென்று கீழே போனார். அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். அவரை வேண்டுமென்றே அனுப்பியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"தங்கச்சி, இதைப் பாரும்."

கோப்பிலிருந்து எடுத்தது குடும்ப டொக்டர் நிபுணருக்கு எழுதிய கடிதம், அச்செடுத்தது. ஒரு சொல்லின் கீழே சிவப்புப் பேனையால் கோடு. ட்ரெட்.

"மகள் போனில வாசிச்சுச் சொன்னவள். அவளுக்கு என்ன, டேனிஷில கடகடவெண்டு வாசிச்சுப்போட்டு, நீங்கள் ட்ரெட்தானே அம்மா எண்டாள். எனக்கும் உந்தச் சொல்லுத் தெரியும். இருவது வருசமா பக்டரியில சிஃப்ட் முடிய எல்லாரும் சொல்லுறது. நானும் சொல்லுறனான். ஆனா டொக்டரிட்ட நான் உதைச் சொல்லேல்லை."

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். கேட்கும்போதே அந்தக் குரலின் அடியிலிருந்த நூல் என் கையில் தட்டுப்பட்டுவிட்டது.

"களைக்குது எண்டு சொன்னனான்."

காரின் கூரையில் மழை மறுபடி விழுந்தது. பாண். தரிப்பிடம். அந்த எட்டு நிமிடமும் முழுசாக என் முன்னால் வந்து நின்றது. அது நான்தான் அக்கா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் கழுத்துத் துணியைச் சரிசெய்தேன். வெளியே பார்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் படியேறி வந்தார். "பத்தரைக்கு வைச்சிருக்கிறன், பிரச்சினை இல்லை." அதற்குள் உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழும்பும்போது அக்கா கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. "உள்ளுக்கை நீங்கள் ஒண்டும் கதைக்கப்பிடாது. ஓம் எண்டும் சொல்லப்பிடாது."

"ஓம்," என்றார் அவர்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். முதல் சந்திப்புக்கு ஒரு நோயாளி எப்படித் தயாராவார் என்று உங்களுக்குப் பாடமெடுக்கும்போது குளிசைகளின் பெயர், பழைய வருத்தங்கள், கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு தாள் தருவார்கள். நல்ல தாள். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வேறு மாதிரித் தயாராவார்கள்: குளிப்பார்கள், நல்ல உடுப்புப் போடுவார்கள், வருத்தத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல ஒத்திகை பார்ப்பார்கள், டொக்டர் என்ன கேட்டாலும் ஓம் ஓம் என்பார்கள். அந்த ஓம், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும்தான். அதைச் சம்மதமாக்கி டேனிஷில் கொடுத்த டொல்க்குகளை எனக்குத் தெரியும். நானும் ஒருத்தி. ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் போன பெண் தயாராகி வந்திருந்த விதத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

நிபுணரும் ஒரு பெண். நரைத்த குட்டை முடி, காலில் மர அடி வைத்த செருப்பு, அவசரமில்லாத கைகள். நான் வழமையான வாக்கியங்களைச் சொன்னேன்: எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பேன், எதையும் வெளியே சொல்லமாட்டேன், நோயாளி பேசும்போது நானும் 'நான்' என்றே சொல்வேன். இந்தத் தொழிலில் நம் வாயிலிருந்து வரும் 'நான்' நம்முடையதல்ல. நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல, 'டொல்க்' என்று சொல்ல வேண்டும்.

நிபுணர் கடிதத்தைப் பார்த்தார். "ஒரு வருடத்துக்கு மேலாக ட்ரெட் என்று எழுதியிருக்கிறது. சொல்லுங்கள்."

நான் மொழிபெயர்த்தேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ நாள் வாய்க்குள் உருட்டிப் பார்த்திருப்பார் போல, டேனிஷில், ஒவ்வொரு சொல்லாகத் தரையில் வைத்தார்.

"யாய் எர் இக்க ட்ரெட்."

இக்க என்றால் இல்லை: நான் ட்ரெட் இல்லை. பிறகு தமிழுக்கு மாறினார். "நான் களைக்குது எண்டு சொன்னனான்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஃபொபூஸ்டெட் என்றேன். ஐந்து மாதம் தாமதமாக.

நிபுணரின் புருவம் சுருங்கிற்று. அதில் கோபம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. "அப்படியானால் இது புதிதா? கடிதம் எழுதிய பிறகு தொடங்கியதா?"

பிள்ளைகளே, அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். மூச்சு வாங்குவது மூன்று கிழமையாக என்றால் ஒரு கதை, ஒன்றரை வருடமாக என்றால் வேறு கதை. அக்கா இல்லை என்பார், அப்போதே சொன்னேன் என்பார். கடிதம் வேறு சொல்கிறது. ஒரு பக்கம் சக டொக்டர் ஒருவரின் கையெழுத்து, மறுபக்கம் தொழிற்சாலை உடுப்போடு இருபது வருடம் நின்ற ஒரு பெண்ணின் ஞாபகம். இரண்டுக்கும் நடுவில் தெரிவு செய்யச் சொன்னால் உலகம் முழுக்கக் கடதாசிதான் வெல்லும். 'நோயாளி இப்போது வேறுவிதமாகக் கூறுகிறார்' என்று ஒரு வரி விழும். அந்த ஒரு வரி அவரை மறுபடி வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடும். சரியான சொல்லை இப்போது கொடுத்துவிட்டேன்தானே, அது போதாதா என்று எனக்குள் ஒருத்தி கேட்டாள். போதாது. எந்தக் கடதாசியை நம்பக் கூடாது, ஏன் கூடாது என்பதை அந்த அறையில் அறிந்தவள் நான் ஒருத்திதான்.

நோயாளிக்குக் கேள்வியை மொழிபெயர்க்கும் முன், நிபுணரிடம் டேனிஷில் சொன்னேன்: "டொல்க் ஒன்று சொல்ல விரும்புகிறார். செப்டம்பரில் குடும்ப டொக்டரிடம் தொலைபேசியில் மொழிபெயர்த்தது இதே டொல்க். நோயாளி அன்றைக்கே மூச்சு வாங்குவதாகத்தான் சொன்னார். டொல்க் பிழையாக மொழிபெயர்த்தார்."

நிபுணரின் பேனை நின்றது. என்னைப் பார்த்தார். "நன்றி," என்றார். கடிதத்திலிருந்த சொல்லை ஒரே கோட்டில் வெட்டிவிட்டு மேலே எழுதினார்.

அது பாதி வேலை. டொக்டரிடம் சொன்ன எதையும் நோயாளிக்கும் சொல்ல வேண்டும். டேனிஷில் 'டொல்க்' என்ற சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். தமிழில் எங்கே ஒளிவது? பெற்ற மொழி. அதில் என்னைப் பக்கத்து வீட்டுக்காரியாக்கச் சொல் இல்லை.

"அக்கா," என்றேன். "அது நான்தான். போனில பிழையாச் சொன்னது நான்தான்."

"தெரியும்," என்றார் அக்கா.

"தெரியுமோ?"

"வெளியில நீர் வணக்கம் எண்டு சொன்ன உடனையே தெரியும். போனில கேட்ட குரல் எனக்கு மறக்குமே? நான் பாட்டுக்காரி."

"பிறகேன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னாப் பதறிப்போவீர். பதறின டொல்க்கை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

கணவர் "ஓம் ஓம்" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். நிபுணர், என்ன சொல்கிறார் என்று கேட்டார். விதி விதிதான். பதறிப்போன டொல்க்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அப்படியே டேனிஷில் சொன்னேன், முதலாம் ஆளில், என் முகம் எரிய. நிபுணர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அறையின் காற்று இளகிற்று.

பிறகுதான் அக்கா அந்தக் கோப்பைத் திறந்தார்.

அவர் மாதாமாதம் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவின் தலைவி. தவக்காலத்தில் பாடும் நீண்ட புலம்பல் ஒன்று உண்டு. ஒவ்வொரு அடியும் கிணற்றுக் கயிறு மாதிரி இறங்கிக்கொண்டே போகும். பாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வேண்டும் என்பதற்காக, பாட்டுத் தாளில் அந்த இடங்களில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுவைப்பது அவருடைய வழக்கம். மற்றவர்களின் தாளில் அளவான கோடு. தன்னுடைய தாளில் தன் மூச்சுக்கு ஏற்ற கோடு. ஒவ்வொரு வருடமும் புதுத் தாள். அவர் எதையும் எறிவதில்லை.

மேசையில் நான்கு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தார். அதே பாட்டு, அதே எழுத்து. முதல் தாளில் அடிக்கு ஒரு கோடு, அடி முடியும் இடத்தில். இரண்டாவதிலும் அப்படித்தான், ஓரிரு இடத்தில் மட்டும் நடுவில் ஒன்று, தயங்கித் தயங்கிப் போட்டது. மூன்றாவதில் அடிக்கு மூன்று. நான்காவது அந்த மாதத்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு கோடு. ஒரு இடத்தில் ஒரு சொல்லின் நடுவிலேயே கோடு விழுந்து சொல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"பாட்டு மாறேல்லை, டொக்டர்," என்றார் அக்கா. "கோடுதான் கூடிக்கொண்டு போகுது."

இதை மொழிபெயர்த்தேன். நிபுணர் தாள்களின் மேல் குனிந்திருந்தார். அவருக்கு ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. ஆனால் விரலால் கோடுகளை எண்ணிக்கொண்டு போனார், முதல் தாளிலிருந்து நான்காம் தாள் வரை, உதடு மெல்ல அசைய. ஒரு பெண்ணின் மூச்சு நான்கு வருடமாகச் சிறுத்துக்கொண்டு வருவதை அவர் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் இல்லை. எந்தச் சொல்லும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் கண்ட மிக நேர்த்தியான மொழிபெயர்ப்பு அதுதான். அதைச் செய்தவர் நோயாளி.

"ஒரு அடி பாட முடியுமா?" என்று கேட்டார் நிபுணர்.

"இதிலையோ?"

"இங்கேயே."

அக்கா மேலங்கியைக் கழற்றி என்னிடம் தந்தார். நின்றார். நிபுணர் இதயத்தொனிமானியை அவர் நெஞ்சில் வைத்தார். அக்கா பாடினார். வெள்ளைச் சுவர், கைகழுவும் தொட்டி, யன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், நடுவில் மன்னார்ப் புலம்பல். நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். நிபுணர் கையை உயர்த்தினார். வேண்டாம். இரண்டு சொல், மூச்சு. இரண்டு சொல், மூச்சு. தாளில் கோடு எங்கேயோ அங்கேயே குரல் அறுந்தது, மறுபடி எழும்பிற்று, அறுந்தது. சுருதி ஒரு மயிரிழையும் விலகவில்லை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவரும் ஓம் சொல்லவில்லை.

நிபுணர் அவரை இடப்பக்கம் சரிந்து படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். பிறகு கேட்டார்: "சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?"

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அக்காவின் கை கோப்புக்குள் போய்விட்டது. பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு பக்கம். இந்தச் சந்திப்புத் திகதி வந்த கிழமையே மன்னாரிலுள்ள தன் மூத்த சகோதரிக்குப் போன் எடுத்து, எனக்குச் சின்னனில் என்னென்ன வருத்தம் வந்தது, எல்லாத்தையும் சொல்லு என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஒன்பது வயதில் முழங்கால் வீங்கியது, வற்றியதும் முழங்கை. ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகவில்லை. மாதாமாதம் ஊசி. பிறகு இடம்பெயர்ந்து ஓடியதில் ஊசியும் விட்டுப்போனது.

நான் வாசித்து டேனிஷில் சொன்னேன். நிபுணர் மெதுவாகத் தலையாட்டினார். "இந்த நாட்டில் இதைக் காண்பதே அரிது. அடுத்த அறைக்கு வாருங்கள். இப்போதே படம் எடுக்கிறேன்."

முப்பது நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. இருண்ட அறையில் திரையில் அக்காவின் இதயம் சாம்பல் நிறத்தில் அசைந்தது. நிபுணர் விரலை வைத்துக் காட்டினார். இடப்பக்க வால்வு ஒன்று. அன்றைய காய்ச்சல் விட்ட தழும்பு, இத்தனை வருடமாக மெல்ல இறுகி வந்திருக்கிறது. நான் வால்வு என்று சொல்லிவிட்டு, கதவு என்றும் சொன்னேன்.

"கதவு முழுக்கத் திறக்குதில்லை, அக்கா. இரத்தம் பின்னால தேங்கி நுரையீரலை நெருக்குது. அதுதான் களைக்குது."

அக்கா திரையைப் பார்த்தபடி கிடந்தார். "அப்ப கதவுதான் பிழை. பாட்டுக்காரியில பிழையில்லை."

அதையும் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போது குரல் உடைந்தது. உடையக் கூடாது, அது தெரியும். உங்களுக்கு உடைந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

பின்பு, ஆஸ்பத்திரியில் தொடையின் இரத்தக்குழாய் வழியாக ஒரு சின்ன பலூனைக் கொண்டுபோய் அந்தக் கதவை விரித்தார்கள். அந்த நாட்களிலும் டொல்க்காக நானே போனேன். அக்கா என்னைத்தான் கேட்டாராம். "ஒருக்காப் பிழை விட்ட ஆள் ரெண்டாம் முறை கவனமா இருப்பா" என்று காரணமும் சொன்னாராம். நான் என் அலுவலகத்துக்கும் அந்தக் குடும்ப டொக்டருக்கும் பிழையை எழுதிக் கொடுத்தேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. கொஞ்ச நாள் அழைப்புகள் குறைந்தன. அது நியாயம்தான். அன்றிலிருந்து களை என்ற எழுத்துக்களோடு எந்தச் சொல் வந்தாலும் நிறுத்திக் கேட்கத் தொடங்கினேன்: "மூச்சோ, உடம்போ?" இரண்டே சொல், இரண்டு நொடி. நீங்களும் கேளுங்கள். நம்முடைய சொல்தானே, நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு வரும்போது கட்டாயம் கேளுங்கள். மகளுக்குத் தெரியாத டேனிஷா? அவளும் அந்தக் கடிதத்தில் ட்ரெட்டைத்தான் கண்டாள். தான் சொன்ன சொல் அங்கே இல்லை என்பதை அந்தத் தாய்தான் கண்டார்.

கார்த் தரிப்பிடம் ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது வரும். அக்கா அந்த முதல் சந்திப்புக்காகத் தன் இதயத்தைத் தயார்படுத்தினார், தன் சிறுவயதைத் தயார்படுத்தினார், கணவரின் வாயைத் தயார்படுத்தினார். அவை எல்லாவற்றோடும், மறுபடி ஒரு டொல்க் பிழை விடக்கூடும் என்பதற்கும் சேர்த்துத் தயாராகி வந்திருந்தார். என் மேல் ஒரு குற்றமும் சொல்லாமல், என்னை நம்பியும் இருக்காமல், ஒரு பென்சிலோடு.

அடுத்த வருடத் தவக்காலம் முடிந்த கிழமை, அதே நிபுணரிடம் மறுபரிசோதனை. அதே அறை, அதே மூன்றாவது நாற்காலி. கணவர் இந்த முறை பார்க்கிங் டிஸ்க்கைப் படமெடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தார், யார் கேட்டாலும் காட்ட. நிபுணர் கை கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன், அக்கா டேனிஷிலேயே சொன்னார்:

"ட்ரெட்."

நிபுணரின் பேனை அந்தரத்தில் நின்றது. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பாடப் போகிறவர் சுருதி சேரும்வரை காத்திருப்பதுபோல. பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். புலம்பல். அடிக்கு ஒரு கோடு, அடி முடியும் இடத்தில்.

"பெரிய வெள்ளி முழுக்கப் பாடினேன்," என்றார் டேனிஷில், ஒவ்வொரு சொல்லாக. "நல்ல ட்ரெட். இக்க ஃபொபூஸ்டெட்."

நிபுணர் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.